ஓவர்லாக் மிஷினும் அந்த மூன்று நாளும்

எங்கள் பனியன் கம்பெனியில் மாதம் முழுக்க விடாமல் வேலைக்கு வந்த பெண் என்று ஒருத்திகூடக் கிடையாது. வருகைப் பதிவேட்டில் ஆண்களின் பெயருக்கு நேரே டிக் தப்பாமல் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பெயருக்கு நேரே மட்டும் மாதத்தில் ஏதோ ஓரிடத்தில் மூன்று கட்டங்களில் சிவப்பு மையால் சுழி போட்டிருக்கும். நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றால், ரிஜிஸ்டர் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே "என்னம்மா?" என்பார். "தலைவலிங்க" என்போம். பதினெட்டுப் பெண்களுக்கும் மாதம் தவறாமல் மூன்று நாள் தலைவலி. கம்பெனியில் இருந்த ஆண்கள் அத்தனை பேர் வீட்டிலும் அம்மாவோ பெண்டாட்டியோ அக்கா தங்கையோ இருந்தார்கள். இருந்தும், எங்களுக்கு வருவது தலைவலிதான் என்று எல்லோரும் சேர்ந்து நம்பினோம்.

இது அறுபதுகளின் பின்பாதியில். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் போகிற ரோட்டில் ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். கணவருக்கு ஜின்னிங் மில்லில் வேலை. ஒரு வயது மகளை மாமியார் பார்த்துக்கொண்டார். நான் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வந்த பனியனுக்குள் கையை நுழைத்து, வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது, பிசிறு வெட்டுவது, மடிப்பது, டஜன் டஜனாகக் கட்டி அடுக்குவது. நாள் முழுக்கத் தரையில் பாய் விரித்துக் குனிந்து கிடக்கிற வேலை. எங்களுக்கு எதிரே எட்டு மிஷின்கள். எட்டு ஸ்டூல்களிலும் ஆண்கள்.

எனக்கு அந்த ஸ்டூலில் ஒன்று வேண்டும் என்று இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, ஆசைதான். துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கொடுத்தால், தைத்து, மிச்சத்தை வெட்டி, ஓரத்தையும் நூலால் பூட்டி வெளியே தள்ளும் ஓவர்லாக் மிஷினை நான் அதற்கு முன்பு எங்கும் பார்த்ததில்லை. மூன்றாவது மிஷின் டெய்லர் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அந்த நேரத்தில் கழிவுத் துணியை வைத்து ஓட்டிப் பழகினேன். அவருக்கும் அது தெரியும். நூல் கோத்தபடியே விட்டுவிட்டுப் போவார், திரும்பி வந்தால் எதுவும் தெரியாதவர்போல உட்காருவார். இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு அவர் காதர்பேட்டைப் பக்கம் சொந்தமாகக் கம்பெனி போடப் போய்விட்டார். மிஷின் நின்றது.

எங்கள் முதலாளி பரம்பரை நெசவுக்காரர். நெற்றி நிறைய விபூதி, மிஷின் ஹாலின் வாசலில் பெரிய முருகன் படம், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம். பேச்சு குறைவு. கோபமும் குறைவுதான். ஆனால் ஓடாமல் நிற்கிற மிஷினைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டாம் நாள் அவர் அந்த மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தபோது நான் எழுந்து போய் நின்றேன்.

"நான் தெச்சுக் காட்டட்டுங்களா?"

"நீயா அம்மணி?"

உட்கார்ந்து ஒரு பனியனுக்குத் தோளும் பக்கமும் மூட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "தையல் சுத்தமாத்தான் இருக்குது" என்றார். பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டு, "செக்கிங்குக்கு ஒருத்தி வல்லீன்னா பக்கத்துல இருக்கறவ பாத்துக்குவா. மிஷினுக்கு அப்பிடி ஆவாது. ஆளு இல்லீன்னா மிஷின் நிக்கும்" என்றார்.

"லீவு போட மாட்டனுங்க."

"அடுத்த மாசம் பூரா ஒரு நாள் உடாம வா. இருபத்தாறு நாளும் வந்தீன்னா மிஷின் உனக்கு."

எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரிஜிஸ்டர் எழுதுகிறவர் விட்டத்தைப் பார்த்தார். அந்த ஒரு மாதத்துக்கு வெளியிலிருந்து ஒரு டெய்லரை வந்து போகச் சொல்லி ஏற்பாடு ஆனது.

சாமிக்கு ஆகாது என்றுதான் நாங்கள் அந்த மூன்று நாள் வருவதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் நிஜம். மீதி, துணியும் மறைவும் இல்லாதது. வீட்டில் என்றால் பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, கொல்லைப்புறத்தில் ஒதுங்கி உட்கார்ந்து, நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். அலசிய துணியை யார் கண்ணிலும் படாமல் விறகு அடுக்குக்குப் பின்னால் போடுவோம். வெயில் படாது, காயாது, ஈரநாற்றத்தோடு அதையே மறுபடி எடுப்போம். அரிப்பும் புண்ணும் வராத பெண் எங்கள் ஊரில் கிடையாது. அப்படிப்பட்ட துணியோடு ஒரு மணி நேரம் நடந்தால் தொடை உரசித் தோல் போய்விடும். கம்பெனிக்கு வந்தால் மாற்ற இடம் கிடையாது. ஆண்கள் பின்னால் இருந்த கருவேலங்காட்டுக்குப் போய் வருவார்கள். நாங்கள் காலையில் வந்ததிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருப்போம். தண்ணீர் குடித்தால்தானே வம்பு என்று தண்ணீரே குடிக்காமல் இருந்தவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் பக்கத்துப் பாயில் உட்காருகிற அக்காவுக்கு முப்பது வயதுக்கு மேல். மூன்று பிள்ளைகள். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், வாய் அதைவிட வேகம். முதலாளி சொன்ன விஷயம் அவர் காதுக்குப் போனதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஏம்புள்ள, மாசம் பூரா வாரேன்னு சொல்லிப்போட்டியாமா?"

"ஆமாங்கக்கா."

"நெம்ப நல்லது. நீ வந்து காட்டிருவே. அப்பறம் மொதலாளி எங்களையெல்லாம் வரிசையா நிக்க வெச்சு, அவ வாராளே உங்களுக்கு என்ன கேடும்பாரு. மாசத்துல எனக்குக் கெடைக்கற ஓய்வே அந்த மூணு நாளுதான். அடுப்புப் பக்கம் போக வேண்டாம், தண்ணி சேந்த வேண்டாம், இங்க வந்து குனிஞ்சு கெடக்க வேண்டாம். அதையும் புடுங்கி அவரு கையில குடுத்துரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதால் வந்த கோபம். "உங்க ஓய்வ நா எதுக்குங்க புடுங்கறேன்? எனக்கு மிஷின் வேணும், அவ்வளவுதான்" என்றேன். அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பாயைக்கூட ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பழைய சேலையை நம்பி ஆகாது என்று எனக்குத் தெரியும். பனியன் துணி மெத்தென்று இருக்கும், அது இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு எதற்கு முரட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? கட்டிங் மாஸ்டர் மேஜைக்குக் கீழே வெள்ளைத் துண்டுகள் மலையாகக் கிடக்கும். கழுத்துக்கும் கைக்கும் வெட்டி எடுத்த மிச்சம். ஆனால் அதை நான் தொடவில்லை. அந்தத் துணி சலவைப் பட்டறைக்குப் போய் வெளுக்கிற பவுடரிலும் ஆசிட்டிலும் முங்கி வந்தது. பட்டறையில் வேலை செய்கிற பெண்களின் கையை நான் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து கிடக்கும். அந்த மருந்துத் துணியை எங்கே வைப்பது! வெந்து போகாதா?

அதனால் புத்திசாலித்தனமாக நான் பச்சைத் துணியைத் தேடிப் போனேன். பச்சைத் துணி என்றால் நிறம் பச்சையில்லை. நிட்டிங் மிஷினில் பின்னி அப்படியே வருகிற, இன்னும் வெளுக்காத துணி. பழுப்பாக, வழவழவென்று, எண்ணெய் வாசனையோடு இருக்கும். ரோல் மாற்றும்போது வெட்டி எறிகிற துண்டுகளை யாரும் சீண்ட மாட்டார்கள். பத்துப் பதினைந்து துண்டுகளைப் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தண்ணீரில் அலசினேன். தண்ணீர் அதன்மேல் உருண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். புதுத்துணி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பனியன் துணியில் நான்கு வருஷம் புரண்ட ஒருத்தி செய்த தப்பு அது.

பதினேழாவது நாள் காலையில் வந்துவிட்டது. நான் சேலை மாற்றிக்கொண்டு, சோற்றுப் போசியை எடுத்ததும் மாமியார் வாசலில் வந்து நின்றார். பெண்களால் பெண்களிடம் மறைக்க முடியாது.

"தூரமாயிட்டு எங்க கெளம்பற? முருகன் படம் இருக்கற எடம் அது."

"முருகன் வாசல்லதான் இருக்காருங்கத்தை. நா உள்ள மூலையில உக்காந்திருப்பேன்."

"நாக்கப் பாரு!" என்றார். என் கணவர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், வாயில் வேப்பங்குச்சியோடு, "போகட்டும் உடும்மா, மிஷின் கெடைக்குமாமா" என்றார். அவர் எனக்காகப் பேசிய முதல் பேச்சு அது. மாமியார் சற்று நேரம் முறைத்தார். பிறகு, "வந்ததும் வாசல்லயே நில்லு. நா தண்ணி ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த மட்டில் பெரிய மனசு.

ஒரு மணி நேர நடையில் ஒரு குறையும் இல்லை. துணி உரசவே இல்லை. எனக்குள் ஒரே பெருமை. வாசலில் முருகன் படத்தைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். பத்து மணி வரை வேலை நன்றாக நடந்தது. அதன்பிறகு ஈரமாக ஏதோ தெரிந்தது. பயத்தில் வியர்க்கிறது என்று நினைத்தேன்.

டீக்கடைக்காரர் வந்து ஆளாளுக்கு டம்ளரில் ஊற்றிவிட்டுப் போனார். நான் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, பின்னால் கட்டி வைத்திருந்த டஜனை எடுக்கத் திரும்பினேன். மேலே இருந்த வெள்ளைப் பனியனில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு. என் சேலை பட்ட இடம். நிமிர்ந்தால் சூப்பர்வைசர் எங்கள் வரிசையைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருக்கிறார். பதினேழு நாள் வந்தது, மிஷின், மானம், எல்லாம் போயிற்று என்று கையைப் பிசைந்தேன்.

அக்கா பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், வருகிறவரைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளர் டீ முழுவதையும் அந்தக் கட்டின்மேல் கவிழ்த்தார்.

"அய்யோ, டீய கொட்டிப்போட்டனுங்க!"

சூப்பர்வைசர் ஓடி வந்து கத்து கத்தென்று கத்தினார். கண் எங்கே இருக்கிறது, வெள்ளைச் சரக்குக்குப் பக்கத்தில் டீ எதற்கு, நாளையிலிருந்து எல்லோருக்கும் டீ கட். அக்கா தலையைக் குனிந்து, "தப்புத்தானுங்க, நா அலசிக் காயப்போட்டுத் தந்தர்றனுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடமும் ஒரு சொல் கேட்டுப் பொறுக்காதவர். எனக்காக நின்று கேட்டார்.

சூப்பர்வைசர் போனதும் தரையில் ஓடிய டீயைத் துடைக்க, மாற்றுவதற்கென்று பையில் வைத்திருந்த பச்சைத் துணியை நான் எடுத்துப் போட்டேன். டீ துணிக்குள் போகாமல் முன்னால் முன்னால் ஓடியது. தள்ளத் தள்ள உருண்டது. அக்கா பக்கத்தில் கிடந்த வெள்ளைக் கழுத்துவெட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். ஒரே உறிஞ்சு. தரை காய்ந்துவிட்டது. இருவரும் ஒரு நொடி அந்த இரண்டு துணியையும் பார்த்தோம்.

"இதையா வெச்சுட்டு வந்திருக்கற?" என்று என் காதருகே கேட்டார். நான் தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நான் அழுதேன்.

கழிவு மூட்டை போடுகிற அறைக்கு என்னைக் கூட்டிப்போய், வாசலை மறைத்து முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "வெள்ளையில நாலு எடுத்து அடுக்கி வெச்சுக்க. சேலைய மாத்தித் திருப்பிக் கட்டு, கறை கொசுவத்துக்குள்ள போயிரும்."

"வெந்துராதுங்களா?"

"பட்டறையில வெளுத்து, அலசி, வெயில்ல காஞ்சு வந்த துணி. நம்ம புருசன்மாரு அதையேதான் உடம்புல போட்டுட்டுத் திரியறாங்க. எவனாச்சும் வெந்தானா?"

எனக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை? வெகுநாள் கழித்துச் சலவைப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார், பஞ்சிலேயே ஒரு மெழுகு இருக்கிறது, சோடா போட்டு வேகவைத்தால்தான் அது போகும், அதுவரை துணி தண்ணீர் குடிக்காது என்று. ஊரே பஞ்சிலும் நூலிலும் பிழைக்கிறது. எங்களுக்கு அது தெரிய ஒரு டம்ளர் டீ தேவைப்பட்டது.

நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "உனக்காகச் செஞ்சேன்னு நெனச்சுக்காத. அந்தப் பனியன அவன் பாத்திருந்தா பதினெட்டுப் பேரு மானமும் போயிருக்கும்" என்றார் அக்கா. ஆனால் மத்தியானம் அவர் பாய் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் காலையில் கட்டிங் மாஸ்டரிடம் போனேன். "கொழந்தைக்கு அணையாடைக்குக் கொஞ்சம் வெள்ளத் துண்டு வேணுங்ணா" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டையின் வாயைக் காலால் விலக்கினார். "கழுத்துவெட்டா பாத்து எடு அம்மணி, அதுதான் மெதுவா இருக்கும். மத்தவங்க கொழந்தைங்களுக்கும் எடுத்துட்டுப் போ" என்றார். எங்கள் பதினெட்டுப் பேரில் ஆறு பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

அந்தத் துண்டுகளில் இன்னொரு வசதி இருந்தது. அலசிக் கொடியில் போட்டால் பார்க்கிறவர்களுக்குக் குழந்தைத் துணி மாதிரியே இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் துணியை நான் நல்ல வெயிலில் காயவைத்தேன். மொடமொடவென்று காய்ந்து வந்தது. மாமியார் ஒரு துண்டை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்த வாரம் அவருடைய தங்கை மகளுக்கு என்று நாலைந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிச்ச நாளும் போனேன். இருபத்தாறாம் நாள் சாயங்காலம் ரிஜிஸ்டர் எழுதுகிறவர் நோட்டை முதலாளியிடம் காட்டி, "ஒண்ணுகூட உடலீங்க" என்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். எட்டு மிஷின் ஆட்களும் பதினேழு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொன்னாப்புல வந்துட்டே அம்மணி. மிஷின் உன்னது" என்றார்.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்கல்ல? மனசு வெச்சா முடியுது. அடுத்த மாசத்துலருந்து எல்லாரும் இப்பிடியே வந்துருங்க. வர முடியாதுங்கறவங்களுக்குப் பதிலு நா வேற ஆளப் பாத்துக்கறேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நான் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "உக்காரு, உக்காரு" என்றார் முதலாளி.

"உக்கார மாட்டனுங்க."

அவருக்குக் காதில் சரியாக விழவில்லை போல. நான் மறுபடி சொன்னேன். பிறகு என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துப் பேசவில்லை. "மொதலாளி, அது தலைவலி இல்லீங்க. மாசாமாசம் வாரது என்னன்னு உங்களுக்கும் தெரியும், இங்க இருக்கற அண்ணன்மாருக்கும் தெரியும். செல பேருக்கு அந்த நாளுல எந்திரிக்கவே முடியாது. செல பேருக்கு வரோணும்னு இருக்கும், ஒதுங்க எடமில்ல. நா வந்தது இந்த மிஷினுக்காக, பல்லக் கடிச்சுட்டு வந்தேன். எல்லாரும் ஏன் கடிக்கோணும்?"

ஹாலில் ஒரு மிஷினும் ஓடவில்லை. ரிஜிஸ்டர் எழுதுகிறவர் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். முதலாளியின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் "என்னதான் பண்ணச் சொல்ற? மிஷின் நிக்குமே" என்றார். அவர் அப்படிக் கேட்டதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. அவருடைய கவலை மிஷினைப் பற்றித்தான்.

"மிஷின் நிக்காதுங்க. எனக்கு மட்டும் குடுக்காதீங்க, ரெண்டு பேருக்குக் குடுங்க. எனக்கும் இந்த அக்காவுக்கும். எனக்கு முடியாத அன்னிக்கு அவங்க ஓட்டுவாங்க, அவங்களுக்கு முடியாத அன்னிக்கு நானு. மத்த நாளு பாதி நேரம் மிஷின், பாதி நேரம் செக்கிங். பத்து நாளுல நா அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தர்றேன். வெள்ளிக்கெழம பூசைன்னா தட்டு வாரப்ப எந்திரிச்சு வெளிய நின்னுக்கறோம். ஆம்பள டெய்லருக்குக் காச்சல் வந்தா அவரு மிஷின் நிக்கும். எங்க மிஷின் நிக்காதுங்க. அப்பறம் பின்னாடி ஒரு மறைப்பும், ஒரு தொட்டித் தண்ணியும் வேணும்."

பாதியைக் கொடுக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. இருபத்தாறு நாளும் நான் வந்தேன், முழுசும் என்னுது என்று உள்ளே ஒரு பிசாசு கத்தியது. பொய் சொல்லக் கூடாது.

முதலாளி திரும்பி நேராக அவர் அறைக்குப் போய்விட்டார். வேலை போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கேட்டைத் தாண்டியதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னைய ஒரு வார்த்த கேட்டியா? எம் பேர இழுத்து உட்டுட்டே. எனக்கு அந்த மிஷினப் பாத்தாலே பயம். வெரலு போயிருச்சுன்னா?" ரோடு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். பிரிகிற இடத்தில் நின்று, "வெரலு போகாதுல்ல?" என்று கேட்டார்.

மூன்று நாள் அந்த மிஷின் சும்மா நின்றது. வெளியாள் டெய்லரும் நின்றுவிட்டார். முதலாளி போகும்போதும் வரும்போதும் அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் காலையில் இரண்டு பேர் மூங்கிலும் தென்னந்தடுக்கும் கொண்டு வந்து இறக்கினார்கள். கிணற்றடிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மறைப்பு எழுந்தது. பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. முதலாளி சூப்பர்வைசரிடம், "அந்த ரெண்டு பேரையும் மிஷின்ல உக்காரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் முழு மாதம் வர வேண்டும் என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. அன்று மத்தியானம் நாங்கள் ஒவ்வொருத்தியும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தோம்.

அக்கா கற்றுக்கொண்ட கதை தனி. கை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்தை மூட்டி, கழுத்தை அடைத்துத் தைத்து, "தல எதுக்கு, கை நொழஞ்சாப் போதாதா" என்று என்னையே கேட்பார். மற்ற ஏழு மிஷின் ஆட்களும் சிரிப்பார்கள். பத்து நாளில் கற்றுக்கொடுக்கிறேன் என்று நான் சொன்னது வெறும் வாய்ச் சவடால். இருபது நாள் ஆனது. ஆனால் கை வேகம் பிறவியிலேயே இருந்தது அல்லவா, பிடிபட்ட பிறகு அவர் என்னை முந்தினார். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு மிஷின்களில் பெண்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள்.

அந்த ஏற்பாடு தொடங்கிய பிறகு எனக்கு முதல் தடவை வந்தபோது காலையில் இடுப்பு கழன்றுவிடும்போல வலி. கணவரிடம், "இன்னிக்குப் போகல" என்றேன். மாமியார் பாயைப் போட்டுக் கொடுத்தார். வெயில் ஏறுகிற வரை படுத்துக் கிடந்தேன். கம்பெனியில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், அக்கா ஓட்டிக்கொண்டிருப்பார், என் இடம் எங்கும் போகாது. முன்பெல்லாம் அந்த மூன்று நாளும் ஓய்வு என்று பெயர்தான், மனசுக்குள் பயம் அரித்துக்கொண்டே இருக்கும். அன்று எந்தப் பயமும் இல்லாமல் தூங்கினேன்.

இரண்டாம் நாள் வலி விட்டது. போகலாம் என்று தோன்றியது, போனேன். அக்கா நூல் மாற்றித் தயாராக வைத்திருந்தார். காலை வேளை முழுக்க நான் தைத்தேன். மத்தியானம் அவர் முறை. எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் ஒருத்தி எழுந்த இடத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் இன்னொருத்தி உட்காருவாள். என் அம்மா எழுந்த பாய்க்கு நானே தெளித்திருக்கிறேன். எனக்கு இரண்டாம் நாள் என்பது அக்காவுக்குத் தெரியும், காலையில் மறைப்புக்குப் பக்கத்தில் வாளியை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். நான் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றேன். தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து வருவார் என்று காத்திருந்தேன்.

"தள்ளி நில்லு புள்ள, வெளிச்சத்த மறைக்கற" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் அக்கா அப்படியே உட்கார்ந்து பெடலை மிதித்தார்.